மகள் காட்டுயிரியல் படிக்க விரும்புகிறாள்: தாராபுரத்துத் தந்தைக்கு ஒரு பதில்

அன்புடையீர், வணக்கம்.

தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் இருக்கும் மகள், காட்டுயிரியல்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள். தாங்களோ, ஊரைச் சுற்றிக் காற்றாலைகளும் சோலார் பூங்காக்களும் பெருகிவரும் இந்நேரத்தில் மின் பொறியியல் படித்தால் வீட்டிலிருந்தே வேலைக்குப் போய்வரலாமே என்று நினைக்கிறீர்கள். அத்துடன், தங்கள் எட்டு ஏக்கர் கொறங்காட்டை, அதாவது வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தை, ஒரு நிறுவனம் குத்தகைக்குக் கேட்பதையும், அதைக் கொடுக்கக் கூடாதென்று மகள் தடுப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். "இவள் படிக்கப்போவது நாட்டின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கிற படிப்பாகிவிடாதா?" என்ற தங்கள் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

ஆகாது என்பதே என் முடிவு. ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2030-ஆம் ஆண்டுக்குள் நிலக்கரி முதலிய புதைபடிவ எரிபொருள் சாராத மின்திறனை 500 ஜிகாவாட்டாக உயர்த்துவது என்று இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. அந்த இலக்கு வேண்டாம் என்று விவரம் அறிந்த எந்தக் காட்டுயிர் ஆய்வாளரும் சொல்வதில்லை, ஏனெனில் புவி சூடாவதால் முதலில் அழிவது அவர்கள் ஆய்வு செய்யும் உயிர்கள்தான். சிக்கல் எழுவது இடத்தைத் தேர்ந்தெடுப்பதில். வெயிலும் காற்றும் தாராளமாகக் கிடைக்கிற, மரம் குறைந்த, விலை மலிந்த நிலத்தை நிறுவனங்கள் தேடுகின்றன. வருவாய்த் துறைப் பதிவேட்டில் அது பெரும்பாலும் "தரிசு" என்றே இருக்கிறது. கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் காங்கேயம் மாடுமாகத் தலைமுறைகள் காத்துவந்த கொறங்காட்டைத் தரிசு என்று தாங்கள் ஒப்புக்கொள்வீர்களா? கௌதாரியும் முயலும் குடியிருக்கிற, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பூனைப்பருந்து வந்து தாழப் பறந்து இரை தேடுகிற நிலம் அது. பதிவேட்டில் உள்ள சொல்லுக்கும் நிலத்தில் உள்ள உயிருக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை அளந்து சொல்வதுதான் தங்கள் மகள் செய்ய விரும்பும் வேலை.

அதைச் செய்யாமல் விட்டால் என்னவாகும் என்பதற்கு ராஜஸ்தானைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் வறண்ட மேய்ச்சல் நிலங்களிலும் வாழ்ந்த கானமயில் என்ற பறவை, இன்று ஏறக்குறைய நூற்றைம்பது என்ற எண்ணிக்கையில், பெரும்பாலும் ஜெய்சால்மர் பகுதியில்தான் எஞ்சியிருக்கிறது. பறக்கும் பறவைகளில் மிகவும் எடை கூடியவற்றுள் அதுவும் ஒன்று. ஆணின் எடை பதினைந்து கிலோ வரை இருக்கும். தலைக்கு நேர் முன்னே அதன் பார்வைப் பரப்பு குறுகியது. கம்பி கண்ணில் படும்போது விலகித் திரும்ப அந்தக் கனத்த உடலுக்கு நேரம் போதாது. பெட்டை ஓராண்டில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும் என்பதால், மின்கம்பியில் மோதிச் சாகும் ஒவ்வொரு பறவையும் ஈடுசெய்ய முடியாத இழப்பு. அதே பாலைவனத்தில்தான் நாட்டின் மிகப் பெரிய சூரிய மின் பூங்காக்களும் அவற்றின் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் உயர் அழுத்தக் கம்பிகளும் வந்தன. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கானமயில் வாழும் பகுதிகளில் கம்பிகளை இயன்றவரை நிலத்தடியில் கொண்டுசெல்ல ஆணையிட்டது. அது ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டரைத் தொட்டதால் நடைமுறையில் இயலாது என்று அரசு முறையிட, 2024 மார்ச்சில் ஆணை மாற்றப்பட்டு, எங்கே எது சாத்தியம் என்று ஆராய வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழுவில் காட்டுயிர் அறிந்தவர்களும் மின்துறை அறிந்தவர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருந்தது. பூங்காக்களுக்கு இடம் குறித்த நாளிலேயே அவர்கள் அப்படி உட்கார்ந்திருந்தால், இத்தனை ஆண்டு வழக்கும் இத்தனை பறவைகளின் இழப்பும் நேர்ந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

இழப்பு எப்போதும் கண்ணுக்குத் தெரிவதாகவும் இருக்காது. மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியிலுள்ள ஒரு மேட்டுநிலத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வைத் தங்கள் மகள் அறிந்திருக்கக்கூடும். காற்றாலை உள்ள இடங்களில் இரைகொல்லிப் பறவைகள், அவை இல்லாத இடங்களைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. அதனால் அவற்றுக்கு இரையாகும் விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகியிருந்தன. ஆனால் பெருகிய ஓணான்கள் மெலிந்தும், ஆள் நெருங்கினாலும் எளிதில் ஓடாமலும் இருந்தன. பருந்தில் தொடங்கிய மாற்றம் ஓணானின் உடம்பு வரை இறங்கியதை அவர்கள் அளந்து காட்டினார்கள்.

தீர்வுகளும் இப்படி அளந்துதான் கிடைத்திருக்கின்றன. ஸ்பெயினின் காதிஸ் பகுதியில் பிணந்தின்னிக் கழுகுகள் நெருங்கும்போது குறிப்பிட்ட காற்றாலைகளை மட்டும் உடனே நிறுத்தும் முறையைக் கொண்டுவந்தபோது கழுகுச் சாவு பாதியாகக் குறைந்தது. அதற்காக இழந்த மின் உற்பத்தி 0.07 விழுக்காடு மட்டுமே. நார்வேயின் ஸ்மோலா தீவில் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்குக் கறுப்பு வண்ணம் பூசிப் பார்த்த காற்றாலைகளில் பறவைச் சாவு ஏறத்தாழ எழுபது விழுக்காடு குறைந்தது. காற்று மெல்ல வீசும் இரவுகளில் இறக்கையைச் சுழலவிடாமல் வைத்தால் வௌவால்கள் பிழைக்கின்றன. இவற்றில் ஒன்றைக்கூடப் பொறியாளர் தனியாகவோ உயிரியலாளர் தனியாகவோ செய்திருக்க முடியாது.

இனி வேலைவாய்ப்பு. நம் நாட்டில் சூரிய மின் திட்டங்களும் காற்றாலைகளும் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் இல்லை; அதாவது அவற்றுக்கு அந்த மதிப்பீடு கட்டாயமில்லை. அப்படியிருக்க நிறுவனங்கள் எதற்காகக் காட்டுயிர் ஆய்வாளரைத் தேடுகின்றன என்று தாங்கள் கேட்கலாம். கடன் கொடுப்பவர்கள் கேட்கிறார்கள் என்பதே பெரும்பாலும் காரணம். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகத்தின் செயல்தர விதிகளில் ஆறாவது பல்லுயிர் பாதுகாப்பைப் பற்றியது. அந்த விதிகளைப் பின்பற்றும் வங்கிகளிடம் பணம் வாங்க வேண்டுமானால் பறவை, வௌவால் ஆய்வறிக்கை வேண்டும். ஆகவே ஆலோசனை நிறுவனங்களில் களப்பணியாளராக நுழைந்து, பிறகு மின் நிறுவனங்களின் சுற்றுச்சூழல் பிரிவுக்கோ, வங்கிக்கோ, ஆய்வு நிறுவனத்துக்கோ போவதுதான் இன்று பலர் செல்லும் பாதை.

தொடக்கத்தில் சம்பளம் மென்பொருள் வேலையைவிடக் குறைவு என்பதையும், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும் ஒப்பந்த நிலை சில ஆண்டுகள் இருக்கலாம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அதைவிடக் கடினமான ஒன்றும் உண்டு. என்னிடம் ஆலோசனை பெற்றுப் போன மாணவி ஒருத்தி தென் மாவட்டக் காற்றாலைத் தளம் ஒன்றில் பணியாற்றியபோது, ஒரு நாள் அவளுடன் சென்றிருந்தேன். விடியும்போதே தொடங்கி, ஒவ்வொரு காற்றாலையின் அடியிலும் கயிறு கட்டிய கோடுகளின் வழியே, கண்களைத் தரையிலிருந்து எடுக்காமல் நடந்தாள். நாயும் நரியும் காக்கையும் இரவோடு இரவாகத் தூக்கிச் செல்வதால், கிடைக்கும் உடல்களின் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். எவ்வளவு குறைவு என்று கணிக்க, தானே சில கோழிக் குஞ்சு உடல்களைக் குறித்த இடங்களில் வைத்து, எத்தனை நாளில் காணாமற்போகின்றன என்று பார்த்துவந்தாள். அன்று கிடைத்தது ஒரே ஒரு வல்லூறின் இறக்கை. மண்ணை ஊதிவிட்டு, அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, தூரமும் திசையும் குறித்துக்கொண்டாள். சில மாதங்களுக்குப் பிறகு, கோட்டுக்கு வெளியே கிடந்த இரண்டு உடல்களை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று அவளுடைய மேலாளர் சொன்னார். அவள் தனிக் குறிப்பாகவேனும் சேர்ப்பேன் என்று நின்று, சேர்த்தாள். அடுத்த திட்டத்தில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. ஓராண்டு அலைந்தபின் இன்று வேறொரு நிறுவனத்தில் நல்ல நிலையில் இருக்கிறாள். அந்த ஓராண்டைத் தாங்கும் துணை வீட்டில் கிடைக்குமா என்பதைத் தாங்கள்தான் யோசித்துச் சொல்ல வேண்டும்.

படிப்பைப் பொறுத்தவரை, இளநிலையில் விலங்கியலோ, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியலோ படிக்கட்டும். முதுநிலைக்கு மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிரியல் இருக்கிறது. டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனமும் பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையமும் நடத்தும் படிப்புகளில் இடம் குறைவு, போட்டி அதிகம். சேர்க்கை எல்லா ஆண்டும் இருக்கும் என்று எண்ணிவிடாமல் அறிவிப்பைக் கவனிக்க வேண்டும். கோவை ஆனைகட்டியிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையம் தங்களுக்கு அருகிலேயே இருப்பதால், விடுமுறையில் களப்பயிற்சிக்கு அங்கே முயலலாம். எங்கே படித்தாலும் கணிதத்தை அவள் கைவிடக் கூடாது. புள்ளியியலும், கணினியில் வரைபடம் கையாளும் பயிற்சியும் இல்லாத காட்டுயிர்ப் பட்டதாரிக்கு இந்தத் துறையில் வேலை கிடைப்பது அரிது. அவை இரண்டும் தெரிந்தவரை நிறுவனங்கள் தேடி வருகின்றன. ஒருவேளை அவளே மனம் மாறி மின் பொறியியலுக்குப் போனாலும் இந்த வழி அடைபடாது. கம்பியில் தொங்கவிடும் பறவை எச்சரிக்கைத் தகடுகளையும், பறவை வருவதை அறிந்து காற்றாலையை நிறுத்தும் கருவிகளையும் அமைப்பவர்கள் பொறியாளர்கள்தான். ஆனால் பதினேழு வயதில் ஒரு குழந்தை இவ்வளவு தெளிவாகக் கேட்கும்போது, கேட்டதைக் கொடுப்பதே சரி என்று கருதுகிறேன்.

குத்தகை பற்றி முடிவெடுக்க வேண்டியவர் தாங்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் மாட்டுக்குத் தீவனம் வாங்கிக் கட்டுபடியாகாத கஷ்டத்தை நான் அறிவேன்; நிலையான வருமானம் வேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை. ஆயினும் கையெழுத்திடுவதற்கு முன் மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் பறவை ஆர்வலர்கள் நான்கு நாள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அந்த நாட்களில் காலையும் மாலையும் அவள் கொறங்காட்டில் நடந்து, பார்த்த பறவை, நேரம், வேலியிலா மரத்திலா புல்லிலா என்பதை ஒரு நோட்டில் எழுதட்டும். ஒரு வேளையாவது தாங்களும் கூட நடந்து பாருங்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் அந்த நோட்டுடன் இருவரும் என்னை வந்து பாருங்கள். விண்ணப்பங்களை அன்று பேசி முடிவு செய்வோம்.