சென்னை டு கன்னியாகுமரி சைக்கிளில்: முதல் நாள் பற்றிக் கேட்டவர்களுக்கு

போன ஜனவரியில் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகக் கன்னியாகுமரி வரை தனியாகச் சைக்கிளில் போய் வந்தேன். அதிலிருந்து ஆளாளுக்குக் கேட்கிறார்கள். முதல் நாளைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: அண்ணா, முதல் நாளே பாண்டி வரை அடித்துவிடலாமா? 150 கி.மீ. தானே?

அடிக்கலாம், மறுநாள் உட்கார முடியாது. ஞாயிற்றுக்கிழமை வெறும் வண்டியில் மாமல்லபுரம் போய் இட்லி சாப்பிட்டுத் திரும்புவது வேறு, பின்னால் 12 கிலோ மூட்டையோடு போவது வேறு. நான் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, கல்பாக்கம், பாலாற்றுப் பாலம், கூவத்தூர் என்று போய்க் கடப்பாக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். ஏறக்குறைய 100 கி.மீ. அதுவே எனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

கேள்வி: காற்று எப்படி?

ஜனவரியில் வடகிழக்குக் காற்று, தெற்கே போகிறவனுக்கு முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். ஜூன், ஜூலையில் போனால் தென்மேற்குக் காற்று எதிரே வரும். ஆரல்வாய்மொழிப் பக்கம் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்!

கேள்வி: வழியில் பஞ்சர் ஆனால் கிராமத்தில் சரி செய்வார்களா?

எனக்கு முதல் நாளே ஆனது. கூவத்தூர் தாண்டி, சீமைக்கருவேல முள். தள்ளிக்கொண்டே போய் ஒரு பைக் பஞ்சர் கடையில் நின்றேன். கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வந்த இடத்தில் விரலை வைத்து, தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டிவிட்டார், பத்தே நிமிடம். வம்பு அப்புறம்தான் வந்தது. என் வண்டியில் இருப்பது ஒல்லி வால்வு, அதாவது பிரெஸ்டா, அவருடைய கம்ப்ரஸர் வாய் அதைப் பிடிக்கவே இல்லை. கடைசியில் என் விரல் நீளக் கைப்பம்பை வைத்துக்கொண்டு நானும் அவர் பையனும் மாறி மாறி அடித்தோம், இருநூறு வரை எண்ணினான், அப்புறம் அவனுக்கே அலுத்துவிட்டது. அதற்குள் உள்ளேயிருந்து ஒரு சொம்பு மோர் வந்தது. பணம் நீட்டினால், "முதல் நாளே பஞ்சருக்குக் காசு குடுத்தா வழியெல்லாம் குடுத்துக்கிட்டே போகணும், போங்க தம்பி" என்று கையைத் தட்டிவிட்டார்.

ஆகவே, பிரெஸ்டா வால்வுக்காரர்கள், கடைக் கம்ப்ரஸர் வாய் அதைப் பிடிப்பதற்கான சின்னப் பித்தளை அடாப்டர் இரண்டு வாங்கிப் பையில் போடுங்கள். கூடவே ஒரு டியூபும். 700சி அளவு (ரோடு சைக்கிள் சக்கர அளவு) டியூப் வழியில் எல்லா ஊரிலும் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

கேள்வி: முன்பின் தெரியாதவர்களிடம் தங்க இடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறதே?

எனக்கும் இருந்தது. இதில் நான் கண்டது இரண்டு. ஒன்று, நாலு மணிக்கே நிறுத்திவிடுங்கள். வெளிச்சத்தில் வந்து நிற்பவன் விருந்தாளி, எட்டு மணிக்குமேல் வந்து நின்றால் யாராக இருந்தாலும் சந்தேகம்தான் வரும். இன்னொன்று, சின்னதாகக் கேளுங்கள். கடப்பாக்கத்தில் முதலில் ஒரு லாட்ஜுக்குத்தான் போனேன், சைக்கிளைத் தெருவில்தான் விட வேண்டும் என்றார்கள், வந்துவிட்டேன். பக்கத்து டீக்கடையில் அக்காவிடம், "ராத்திரி சைக்கிளை மட்டும் இங்க விட்டுக்கலாமா?" என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "சைக்கிள் இருக்கட்டும், நீ எங்க படுப்ப?" என்றார். அவ்வளவுதான், அன்றைக்கு அவர் வீட்டுத் திண்ணையில் படுக்கை, நெத்திலிக் குழம்பும் சோறும். பதிலுக்கு நான் கொடுத்தது பதில்கள்தான்: எந்த ஊரு, எதுக்கு இப்படி, வண்டி என்ன விலை, பஸ்ஸுலயே போகலாமே. வண்டி விலையைப் பாதியாகக் குறைத்துச் சொன்னேன், அதற்கே திட்டு விழுந்தது.

கேள்வி: பணம் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களா?

கடையில் குடித்த டீக்குக் கொடுங்கள், அது வியாபாரம். வீட்டுச் சோற்றுக்கு வேண்டாம். நான் 200 ரூபாயைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். மரக்காணம் உப்பளத்துப் பக்கம் பசிக்க, அக்கா கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தால், இலைக்கும் பேப்பருக்கும் நடுவில் அதே இரண்டு நூறு ரூபாய் நோட்டு, ஓரத்தில் மிளகாய்ப்பொடி எண்ணெயோடு. எப்போது எடுத்து வைத்தாரோ! அதற்கப்புறம் ஊருக்குள் நுழையும்போதே ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொள்ளப் பழகினேன்.

கேள்வி: பெண்கள் தனியாகப் போகலாமா?

நான் ஆண், என் திண்ணைக் கதையை நம்பிக் கிளம்ப வேண்டாம். இதே வழியில் போன தோழி ஒருவர் முதல் நாள் மாமல்லபுரத்தோடு நிறுத்தினார், அறைகளை முன்பே பதிவு செய்திருந்தார், வழி கேட்பதென்றால் பெண்களிடம் மட்டும், லொகேஷன் எப்போதும் வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அவரிடமே கேட்டு எழுதச் சொல்கிறேன்.

கேள்வி: வார்ம்ஷவர்ஸ் பயன்பட்டதா?

சைக்கிள் பயணிகளைச் சைக்கிள்காரர்களே வீட்டில் தங்கவைக்கும் ஏற்பாடு அது, 1993லிருந்து இருக்கிறது. பெரிய ஊர்களில் தேடிப் பாருங்கள். கடப்பாக்கத்துக்கு டீக்கடை போதும்.

கேள்வி: திரும்பும்போது சைக்கிளை ரயிலில் எப்படி ஏற்றினீர்கள்?

அது கடைசி நாள் கேள்வி. பார்சல் ஆபீஸ் கதை பெரிய கதை, தனியாக எழுதுகிறேன்.