கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் இணைக்குற விஜிஏ கேபிள்ல திரை முழுக்க மஞ்சளா தெரியுதா?

மானிட்டர் போயிடுச்சுன்னு நினைச்சு புதுசு வாங்க அவசரப்படாதீங்க. பெரும்பாலும் நீல சிக்னல் வராததாலதான் வெள்ளையா இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சளா தெரியுது. பெரும்பாலும் கேபிள்தான் காரணம்.

மொதல்ல மானிட்டர்ல இருக்குற பட்டன அழுத்தி அதோட மெனுவ வரவைங்க, மெனு மட்டும் சரியான கலர்ல வந்தா பேனல், அதாவது திரை, நல்லா இருக்குன்னு நம்பலாம். அப்புறம் கம்ப்யூட்டர், மானிட்டர் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு கேபிள கழட்டி முனைய வெளிச்சத்துல பாருங்க, அகலமான பக்கத்து வரிசைல நட்ட நடுவுல இருக்குற 3ஆவது பின்தான் (கம்பி முள்) நீல சிக்னலுக்கு, அது மடங்கியிருந்தா சின்ன இடுக்கியால மெதுவா நிமித்துங்க, திரும்பத் திரும்ப வளைச்சா ஒடிஞ்சிடும்.

நடு வரிசைல 9ஆவது பின் பல கேபிள்ல செய்யும்போதே வைக்க மாட்டாங்க, அத ஒடிஞ்சதுன்னு நினைச்சிடாதீங்க.

பின் எல்லாம் நேரா இருந்தும் மஞ்சள் போகலன்னா வேற கேபிள் போட்டுப் பாருங்க, அதுலயும் அப்படியேன்னா கேபிள் சொருகுற போர்ட்டுல கோளாறா இருக்கலாம்.