மகளின் கண்ணாடி பவர் வருடா வருடம் ஏறுகிறது, நிறுத்த வழி உண்டா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: மகளுக்கு எட்டு வயது, போன வருடம் மைனஸ் 1.5, இந்த வருடம் மைனஸ் 2.5. எந்நேரமும் கண்ணாடி போடுவதால்தான் பவர் ஏறுகிறது என்கிறார் மாமியார். பதினெட்டு வயதில் லேசர் பண்ணிவிட்டால் தீர்ந்தது என்கிறார் கணவர். என்னதான் செய்வது?

நான் டாக்டர் இல்லை. மைனஸ் எட்டு வரை போன ஒரு ஆள், இப்போது மைனஸ் நான்கே காலில் நிற்கும் 13 வயது மகளின் அப்பா. அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

உங்கள் கணவர் சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பள்ளி முழுக்க சோடாபுட்டி என்ற பட்டப்பெயரோடு திரிந்து, 26 வயதில் முதல் சேமிப்பை எடுத்து லேசர் செய்துகொண்டேன். கண்ணாடி போயிற்று, கல்யாண ஆல்பத்தில் நான் வேறு ஆள் மாதிரி இருப்பேன். 39 வயதில் ஒரு ராத்திரி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது வலது கண்ணோரத்தில் பளிச் பளிச்சென்று மின்னல். மழை வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் அந்தக் கண் முன்னால் கொசுக்கூட்டம் போல ஏதோ மிதந்தது. விழித்திரையில் கிழிசல் என்று அன்றைக்கே உட்காரவைத்து லேசர் சூடு போட்டு ஒட்டினார்கள். "எனக்குத்தான் பவரே இல்லையே டாக்டர்?" என்று கேட்டேன். "முன்னால் இருக்கிற கருவிழியைத்தான் செதுக்கிக் கொடுத்தார்கள், உங்கள் கண் இன்னும் அதே 27 மில்லிமீட்டர்தான்" என்றார்.

அதுவரை கண்ணுக்கு நீளம் என்று ஒன்று உண்டு என்றே எனக்குத் தெரியாது. பெரியவர்களின் கண் உருண்டை முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மி.மீ. இருக்கும். கிட்டப்பார்வை, அதாவது மைனஸ் பவர், உள்ள பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அது தேவைக்கு மேல் நீண்டுகொண்டே போகிறது, ஒரு மி.மீ. கூடினால் பவர் இரண்டரை முதல் மூன்று வரை ஏறும். உள்ளே ஒட்டியிருக்கும் விழித்திரை அதற்கேற்ப இழுபட்டு மெலிகிறது. மைனஸ் ஆறைத் தாண்டினால் விழித்திரை விலகுவது, மையப் பார்வை சிதைவது, கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது. நீண்ட கண்ணை எந்த லேசராலும் திரும்பச் சுருக்க முடியாது. ஆகவே பவரை இறக்குவது நடக்கிற காரியம் இல்லை, ஏறும் வேகத்தைக் குறைப்பது நடக்கும். ஒரு வருடத்தில் முழுசாக ஒரு பவர் ஏறியிருப்பது வேகமான கணக்குத்தான், தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து மாமியார். நாங்களும் இதில்தான் ஏமாந்தோம். 2021 நவம்பரில் பள்ளி திறந்து இரண்டு வாரத்தில், போர்டில் எழுதியது தெரியவில்லை என்று மகளின் டீச்சர் சொல்லியனுப்பினார். கொரோனாவால் ஒன்றரை வருடம் ஃபோனிலேயே வகுப்பு நடந்த காலம் அது. (சீனாவில் ஃபெய்செங் என்ற ஊரில் வருடா வருடம் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதிக்கிறார்கள். அங்கே ஆறு வயதுக்காரர்களில் கிட்டப்பார்வை 2015 முதல் 2019 வரை 5.7 சதவீதத்தைத் தாண்டியதில்லை, 2020-ல் 21.5 சதவீதம்.) தெருமுனைக் கண்ணாடிக் கடையில் சொட்டு மருந்து எதுவும் விடாமல் மெஷினில் பார்த்து, முழு பவர் கொடுத்தால் கண் சோம்பேறியாகிவிடும் என்று அரை பவர் குறைத்தே கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு வருடம் அப்படியே ஓட்டினோம். பவரைக் குறைத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று மலேசியாவில் 94 பிள்ளைகளை இரண்டு வருடம் கவனித்து 2002-லேயே எழுதிவிட்டார்கள்: குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் கொஞ்சம் அதிகமாக ஏறியிருந்தது. கண்ணாடி போடுவதால் பவர் ஏறுவதில்லை, எப்படியும் ஏறுகிற வயதில் கண்ணாடி போடுகிறோம், அவ்வளவுதான். இதை மாமியாரிடம் நீங்கள் சொன்னால் எடுபடாது, டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள்.

எனவே முதல் வேலை, குழந்தைகளைப் பார்க்கும் கண் டாக்டரிடம் கூட்டிப்போய், சொட்டு மருந்து விட்டு முழுசாகப் பரிசோதிப்பது. பிள்ளைகள் கண்ணை இறுக்கிப் பார்க்கும்போது இல்லாத மைனஸும் இருப்பதுபோல் காட்டும், மருந்து விட்டால்தான் உண்மை தெரியும். அப்போதே கண்ணின் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள், ஆக்சியல் லெங்த் என்று கேட்டால் புரியும். புரை ஆபரேஷனுக்கு முன்னால் தாத்தா பாட்டிகளுக்கு அளப்பார்களே, அதே மெஷின்தான், கண்ணைத் தொடக்கூட மாட்டார்கள், ஐந்து நிமிட வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சிகிச்சை வேலை செய்கிறதா என்று பவரைவிட இது தெளிவாகச் சொல்லும். என் மகளுக்கு முதலில் ஒரு வருடத்தில் 0.4 மி.மீ. நீண்டது, மருந்து தொடங்கிய அடுத்த வருடம் 0.15. அன்றைக்குத்தான் நானும் மனைவியும் நிம்மதியாக ஒரு காபி குடித்தோம்.

மருந்து என்றால் அட்ரோபின். ராத்திரி படுக்கும்போது கண்ணுக்கு ஒரு சொட்டு. சிங்கப்பூரில் முதலில் ஒரு சதவீத மருந்தை வைத்துச் சோதித்தார்கள், நன்றாகவே வேலை செய்தது, ஆனால் பிள்ளைகளுக்கு வெளிச்சத்தில் கண் கூசியது, பக்கத்தில் படிக்க முடியவில்லை, நிறுத்தியதும் பவர் மறுபடி விர்ரென்று ஏறியது. அப்புறம்தான் நூறில் ஒரு பங்காக நீர்த்த 0.01 சதவீதம் வந்தது. ஹாங்காங்கில் 0.01, 0.025, 0.05 மூன்றையும் ஒப்பிட்டதில், முதல் வருடத்தில் 0.05 பவர் ஏறுவதை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைத்தது, 0.01 கால் பங்குதான் குறைத்தது. அமெரிக்காவில் 2023-ல் வந்த சோதனையிலோ 0.01 மருந்தில்லாத வெறும் சொட்டிலிருந்து வேறுபடவே இல்லை. இந்தியாவில் செய்த சோதனையில் அதே 0.01 நல்ல பலன் காட்டியிருக்கிறது. ஆக, ஒரு பிள்ளைக்குப் பிடிப்பது இன்னொரு பிள்ளைக்குப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. மகளுக்கு 0.01-ல் தொடங்கி, ஆறு மாதத்தில் நீள அளவைப் பார்த்து 0.05-க்கு மாற்றினார் டாக்டர். வெயிலில் லேசாகக் கண் கூசுகிறது, தொப்பி போட்டுக்கொள்கிறாள். நீங்களாகவே வாங்கி விடவும் வேண்டாம், நீங்களாகவே சட்டென்று நிறுத்தவும் வேண்டாம்.

அடுத்தது தனி வகைக் கண்ணாடிகள், மியோஸ்மார்ட், ஸ்டெல்லெஸ்ட் என்ற பெயர்களில் கிடைக்கிறது. நடுவில் சாதாரண லென்ஸ், சுற்றிலும் நூற்றுக்கணக்கில் பொடிப் பொடி லென்ஸ்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தேன்கூடு மாதிரி லேசாகத் தெரியும். ஓரத்தில் விழும் வெளிச்சத்தை விழித்திரைக்கு முன்னாலேயே குவியவைத்து, இனி நீளாதே என்று கண்ணுக்குச் சொல்கிற மாதிரியான ஏற்பாடு. மியோஸ்மார்ட் வகையை ஹாங்காங்கில் இரண்டு வருடம் சோதித்தபோது பவர் ஏறுவது பாதியாகக் குறைந்தது. விலை சாதாரண லென்ஸைப் போலப் பல மடங்கு, மறைப்பானேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது போட வேண்டும், மூக்கு நுனிக்குச் சரிந்துவிட்டால் போட்டும் பிரயோஜனமில்லை. பட்ஜெட் ஒன்றுக்குத்தான் இடம் கொடுக்கிறது என்றால் மருந்தா கண்ணாடியா என்று டாக்டரிடம் வெளிப்படையாகவே பேசுங்கள், எங்கள் வீட்டில் இரண்டு வருடம் மருந்து மட்டும்தான். ராத்திரி போட்டுத் தூங்கும் காண்டாக்ட் லென்ஸும் உண்டு, ஆனால் சுத்தம் கொஞ்சம் தவறினாலும் கருவிழியில் கிருமி பிடிக்கலாம். எங்கள் பிள்ளை பாத்திரம் கழுவும் லட்சணத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

காசே இல்லாத வைத்தியம் வெளிச்சம். சீனாவின் குவாங்சோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விளையாட விட்டார்கள், மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, மற்றப் பள்ளிகளில் 39.5. தைவானில் 2010 முதல் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே என்று அரசாங்கமே திட்டம் போட்டு நடத்துகிறது. வெயிலில் காய வேண்டியதில்லை. ஃபோனில் வெளிச்சம் அளக்கும் ஆப் ஒன்றை இறக்கி விளையாட்டாகப் பார்த்தேன், எங்கள் ஹாலில் ட்யூப் லைட்டுக்குக் கீழே 180 லக்ஸ், காலை எட்டு மணிக்கு வாசல் வேப்பமரத்து நிழலில் ஏழாயிரத்துக்கு மேல். நல்ல வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற ரசாயனம் சுரந்து கண் நீளுவதைத் தடுக்கிறது என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம். நம் ஊரில் இதற்குத்தான் நேரமே இல்லை. பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார், சாயங்காலம் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை அபாகஸ். நாங்கள் அபாகஸை நிறுத்தினோம், பள்ளிக்கு ஆட்டோவை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தோம், ரகளையோடு ரகளையாக ஒன்றே கால் மணி நேரம் தேறுகிறது. புத்தகமோ ஃபோனோ முழங்கையிலிருந்து விரல் மடிப்பு வரையாவது தள்ளி இருக்கட்டும், ஃபோனைவிட டிவி மேல்.

ஆனால் ஒன்று, வெளியே விடுவது கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடத்தான் பெரிதாக உதவுகிறது. ஏற்கெனவே வந்துவிட்ட பிள்ளைக்கு அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

பொன்னாங்கண்ணி, கேரட் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள், உடம்புக்கு நல்லது, கண்ணின் நீளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கண் பயிற்சி வீடியோ, நீல ஒளி தடுக்கும் கண்ணாடி இரண்டுக்கும் அதே பதில்தான். கண்ணுக்குள் சிவப்பு ஒளியைப் பாய்ச்சி பவரை நிறுத்தும் மெஷின் என்று யாராவது விற்க வந்தால் விலகியே இருங்கள். விழித்திரை பாதிக்கப்பட்ட பிள்ளை பற்றி மருத்துவ இதழிலேயே எழுதியிருக்கிறார்கள், அது பரவலாக ஓடிய சீனாவே 2023-ல் கட்டுப்பாட்டை இறுக்கிவிட்டது.

அப்புறம், உங்களுக்குச் சின்னவன் ஒருவன் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவனையும் அதே நாளில் கூட்டிப்போங்கள். சின்ன வயதில் கண் கொஞ்சம் பிளஸ்ஸில் இருப்பதுதான் இயல்பு. ஆறு வயதில் மருந்து விட்டுப் பார்த்தும் பிளஸ் முக்காலோ அதற்குக் கீழோ இருந்தால், அவனுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு அதிகம். எங்கள் வீட்டுச் சின்னவனுக்கு ஆறு வயதில் பிளஸ் அரை என்று வந்தது. இப்போது எட்டு முடிந்து ஒன்பது, இன்னும் கண்ணாடி இல்லை, முழங்காலில் மட்டும் எப்போதும் ஒரு பிளாஸ்திரி.