கெட்டுப்போவதைப் பார்க்கிற வேலை

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்ஸி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். பெரோவ்ஸ்கைட் என்ற, ஈயம் கலந்த படிகப் பொருளால் ஆன சூரிய மின்கலத்தில் ப்ராஜெக்ட் செய்ய ஆசைப்பட்டேன். வழிகாட்டியோ, கலம் எப்படிக் கெட்டுப்போகிறது என்று பார்க்கச் சொல்கிறார். மற்றவர்கள் ஒளியை மின்சாரமாக்கும் திறனைக் கூட்டிச் சாதனை படைக்க, நான் மட்டும் கெட்டதை வைத்துக்கொண்டு உட்கார வேண்டுமா? பேசாமல் குவாண்டம் புள்ளிகள் என்கிற நானோ அளவுத் துகள்களை வைத்து ஒளி உணரி செய்யப் போய்விடலாமா? ஈயம் விஷம் என்கிறார்கள், அதுவும் பயமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஈயத்துக்குக் கையுறை போடுங்கள், கழிவைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். குவாண்டம் புள்ளிக்குப் போனாலும் ஈயம் உங்களை விடாது. ஒளியின் அலைநீளம் 1100 நானோமீட்டரைத் தாண்டினால் சிலிக்கான் உணரிக்குக் கண் தெரியாது. அங்கே பார்க்க அதிகம் பயன்படுகிறவை ஈய சல்பைடு புள்ளிகள். புள்ளியின் அளவை மாற்றினால் அது உறிஞ்சும் ஒளியும் மாறும். 2023 வேதியியல் நோபல் பெற்ற துறை, அருமையான துறை. ஆசைப்பட்டுப் போங்கள். இதிலிருந்து தப்பித்து ஓடுவதற்காகப் போகாதீர்கள்.

'கெட்டதை வைத்துக்கொண்டு' என்று எழுதிவிட்டீர்களே, அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கொஞ்ச நாளாக இதே நினைப்பில்தான் இருக்கிறேன். 2009-ல் ஜப்பானின் யோகோஹாமாவில் கோஜிமா, மியாசாகா என்ற ஆய்வாளர்கள் செய்த முதல் பெரோவ்ஸ்கைட் கலத்தின் திறன் 3.8 சதவீதம். கலத்துக்குள் மின்னூட்டத்தைக் கடத்த வைத்த திரவ மின்பகுளி பெரோவ்ஸ்கைட்டையே கரைத்துவிட்டது. அந்தத் திரவத்தை எடுத்துவிட்டுத் திடப்பொருளை வைத்த பிறகுதான், 2012-ல் தென்கொரியாவிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் திறன் 10 சதவீதத்தை ஒட்டி வந்தது. இன்று 26-ஐத் தாண்டிவிட்டது. அந்தப் பெரிய தாவலே, எதனால் கெடுகிறது என்று பார்த்ததால் வந்தது. அதைத்தான் நீங்கள் மட்டமாக நினைக்கிறீர்கள்!

ஒரு நண்பரின் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறேன். பெரோவ்ஸ்கைட் கரைசலைக் கண்ணாடித் துண்டில் சுழற்றிப் பூசி, 100 டிகிரி சூட்டுத் தட்டில் வைத்தார்கள். கண்ணெதிரே கறுத்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. நல்ல மழைக்காலம். வெளியே எடுத்து வைத்திருந்த இன்னொரு துண்டில் ஓரத்திலிருந்து மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தது. மஞ்சள் என்றால் ஈய அயோடைடு. கலத்தின் கதை முடிந்தது என்று பொருள். ஆய்வு மாணவி ஒருத்தி அதைப் படமெடுத்து, பக்கத்தில் ஈரப்பதத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டே இருந்தாள். செய்தித்தாளில் அவள் படம் வராது. வரவேண்டும் என்பேன்.

சாதனைக் கலங்கள் பெரும்பாலும் கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னவை. கூரையில் ஏறுகிற சிலிக்கான் பலகைக்கோ 25 வருட உத்தரவாதம் தருகிறார்கள். 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம் என்ற சோதனையைத் தாண்டாத கலத்தை எந்த வீட்டுக்காரர் வாங்குவார்? திறனை மட்டும் துரத்துகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடுகிறார்கள். நீங்களும் அந்தக் கூட்டத்தில் சேரவேண்டாம் தம்பி.

நாளைக்கே வழிகாட்டியிடம் சரி என்று சொல்லுங்கள். உங்கள் கலம் எங்கிருந்து கெட ஆரம்பிக்கிறது, ஓரத்திலா, மின்முனைக்கு அடியிலா? தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள்.