எதிரியின் பிடியிலிருந்த பகுதியில் விழுந்த விமானிகளுக்கு அடைக்கலம் கொடுத்த கிராமத்தினருக்குப் பின்னர் என்ன நேர்ந்தது? அவர்களை யாராவது நினைத்துப் பார்த்தார்களா?

இந்தக் கேள்வியைப் படித்ததும் என் மனம் போனது கிழக்குச் சீனாவின் செஜியாங், ஜியாங்ஸி மாகாணங்களுக்கு. ஆண்டு 1942. உலகப்போரைப் பற்றி ஆர்வமாகப் படிப்பவர்களுக்கு டூலிட்டில் தாக்குதல் தெரிந்திருக்கும். டோக்கியோமீது குண்டு வீசிய அமெரிக்கர்களின் துணிச்சல் எத்தனையோ முறை பேசப்பட்டுவிட்டது. அவர்களைத் தூக்கிச் சுமந்த மீனவர்களும் உழவர்களும் அதற்குக் கொடுத்த விலை மட்டும் அந்தப் பேச்சில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அந்த ஏப்ரல் தொடக்கத்தில்தான் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. ஜப்பானை யாராலும் தொட முடியாது என்று தோன்றிய காலம் அது. ஏப்ரல் 18 அன்று ஹார்னெட் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஜேம்ஸ் டூலிட்டில் தலைமையில் 16 பி-25 குண்டுவீச்சு விமானங்கள் 80 பேருடன் கிளம்பின. அவ்வளவு பெரிய விமானங்கள் மறுபடியும் கப்பலில் இறங்க முடியாது. குண்டு வீசியபின் மேற்கே பறந்து செஜியாங்கின் ச்சூஜோ விமானத்தளத்தில் இறங்குவதுதான் திட்டம். ஆனால் ஜப்பானியக் காவல் படகு ஒன்று கப்பலைப் பார்த்துவிட்டது. குறித்த நேரத்துக்குப் பல மணி நேரம் முன்பே, ஜப்பானிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போதே அவர்கள் கிளம்ப வேண்டியதாயிற்று. சீனக் கரையை எட்டியபோது இருட்டிவிட்டது. மழை வேறு. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது, வழிகாட்டும் வானொலிச் சமிக்ஞையும் இல்லை. ஒரு விமானம் மட்டும் சோவியத் மண்ணில் இறங்கியது. மற்ற 15 விமானங்களும் சீனக் கடலோரத்திலும் மலைகளிலும் வயல்களிலும் விழுந்து நொறுங்கின. அவற்றில் இருந்தவர்கள் 75 பேர்.

அந்த ஊர்மக்களுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஜப்பான் பழிவாங்கும் என்று அஞ்சிய சீனத் தலைவர் சியாங் கை ஷேக்கிடமே முழு விவரத்தையும் அமெரிக்கா மறைத்திருந்தது. இரகசியம் கசிந்துவிடக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் பழியை ஏற்கப்போகிறவர்களின் சம்மதம் கேட்கப்படவே இல்லை என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

நள்ளிரவில் வானத்திலிருந்து தெரியாத மொழி பேசும் ஓர் ஆள் வந்து விழுகிறான். நண்பனா, எதிரியா? டூலிட்டிலே பாராசூட்டில் ஒரு நெல் வயலில்தான் விழுந்தார். விளக்கெரிந்த ஒரு வீட்டின் கதவைத் தட்டி, கப்பலில் மனப்பாடம் செய்திருந்த சீன வாக்கியத்தைச் சொன்னார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது, விளக்கும் அணைந்தது. அந்த வீட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்தாண்டுகளாக ஜப்பானியப் படைகளைப் பார்த்து வந்த ஊர் அது. அப்படியிருந்தும் பெரும்பாலான கதவுகள் திறந்தன என்பதுதான் வியப்பு.

கடலோரத் தீவுகளில் மீனவக் குடும்பங்கள் நனைந்து நடுங்கிய விமானிகளுக்குத் தங்கள் உடைகளைக் கொடுத்து, ஜப்பானியப் படகுகளின் கண்ணில் படாமல் கரை சேர்த்தன. டெட் லாசன் என்ற விமானியின் கால் படுகாயமடைந்து அழுகத் தொடங்கியிருந்தது. அவரையும் காயமடைந்த தோழர்களையும் மலைப்பாதைகளில் தோளில் சுமந்து லின்ஹாய் நகரின் சிறிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மருத்துவர் சென் ஷென்யானும் அவர் தந்தையும் கையில் இருந்த சொற்ப மருந்துகளோடு அவர்களைப் பராமரித்தார்கள். மற்றொரு விமானத்தில் வந்திருந்த அமெரிக்க மருத்துவர் தாமஸ் வைட் அங்கு வந்து சேர்ந்து, அந்தக் காலை அகற்றி லாசனின் உயிரைக் காப்பாற்றினார். லியூ துங்ஷெங் என்ற இளம் பொறியாளர் வழியில் சந்தித்த ஒரு குழுவினருக்கு மொழிபெயர்ப்பாளராகி, கூடவே நடந்து அவர்களைப் பத்திரமான இடத்தில் சேர்த்தார். மூவர் விழுந்தபோதே இறந்தார்கள். எட்டுப் பேர் ஜப்பானியரிடம் சிக்கினார்கள். அவர்களில் மூவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது, ஒருவர் சிறையில் நோயால் இறந்தார். எஞ்சிய 64 பேரும் தப்பியது இந்த மக்களால்தான்.

மே மாதம் ஜப்பானியப் படை வந்தது. இனி அங்கிருந்து எந்த விமானமும் ஜப்பானுக்கு வரக்கூடாது என்று ச்சூஜோ, யூஷான், லிஷுயி தளங்களை அழிப்பது ஒரு நோக்கம்; பழிவாங்குவது இன்னொன்று. விமானத்தளங்களில் குறுக்கும் நெடுக்கும் பள்ளம் வெட்டும் வேலையை உள்ளூர் மக்களைக் கொண்டே செய்வித்தார்கள். நான்செங் நகரைத் திட்டமிட்டு மூன்று நாட்கள் எரித்தார்கள். அங்கே தங்கியிருந்த கத்தோலிக்க மிஷனரிகள் எழுதிவைத்ததைப் படித்த பிறகு எனக்குப் பல நாட்கள் மனம் ஆறவில்லை. விடைபெறும்போது விமானிகள் நன்றியோடு கொடுத்துவிட்டுப் போன பாராசூட் துணி, கையுறை, சில்லறை நாணயம், சிகரெட் பெட்டி எல்லாம் சோதனையில் அகப்பட்டு, அவற்றை வைத்திருந்தவர்களுக்கு எதிரான சாட்சிகளாயின. யிஹுவாங்கில், ஹரால்ட் வாட்சன் என்ற காயமடைந்த விமானியை வீட்டில் ஏற்ற மா எங்லின் என்பவரைப் போர்வையில் சுற்றி, நாற்காலியில் கட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி, அவர் மனைவியின் கையாலேயே தீ வைக்கச் செய்தார்கள்.

ஆகஸ்டில் படைகள் பின்வாங்கியபோது, ஷிரோ இஷியின் தலைமையிலான ஜப்பானியக் கிருமிப்போர்ப் படையான 731 ஆம் பிரிவு கிணறுகளிலும் உணவிலும் காலரா, டைபாய்டு போன்ற நோய்க்கிருமிகளைப் பரப்பியது. ஜப்பானியச் சிப்பாய்களே அதில் மாட்டி நோயுற்றார்கள். அந்தப் படையெடுப்பில் மாண்ட சீனர்கள் சுமார் 2,50,000 பேர் என்பது சீனத் தரப்பின் மதிப்பீடு. இவர்கள் எல்லோரும் விமானிகளுக்கு உதவியவர்கள் அல்லர். பெரும்பாலோர் ஒரு அமெரிக்கனைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். உதவியவர் யார் என்று பிரித்துப் பார்க்க அந்தப் படை அக்கறை காட்டவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நினைத்தார்கள், ஆனால் மிகவும் தாமதமாக. தாக்குதலின் ஐம்பதாம் ஆண்டான 1992இல், அப்போது உயிரோடிருந்த சில சீனர்களை அமெரிக்காவுக்கு அழைத்தார்கள். மருத்துவர் சென்னும் அவர்களில் ஒருவர். லியூ போருக்குப் பின் அமெரிக்காவில் குடியேறி விமானப் பொறியாளராகப் பணியாற்றினார். டூலிட்டில் வீரர்கள் ஆண்டுதோறும் கூடிய சந்திப்புகளில் அவரைத் தங்களில் ஒருவராகவே நடத்தினார்கள். ச்சூஜோவில் இந்த மீட்புக்கென ஒரு நினைவகம் 2018இல் திறக்கப்பட்டது. எரிக்கப்பட்ட ஊர்களில் இறந்த ஏராளமானோரின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. டூலிட்டில் தாக்குதலைப் பற்றி நீங்கள் எங்காவது எழுதினால், தயவுசெய்து ஏப்ரல் 18உடன் நிறுத்திவிடாதீர்கள். ஆகஸ்ட் வரை எழுதுங்கள்.