ஜேடிஎம்45-ஆ, ஏசி15-ஆ?

ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டார், சின்ன அறை, அறுபதுகளின் கடைசியில் கேட்ட பிரிட்டிஷ் ராக் டோன் என்று சொல்லியிருந்தீர்கள். எந்த கிட்டார் ஆம்ப் வாங்குவது, மார்ஷலின் 30 வாட் ஜேடிஎம்45 வகை வீட்டுக்கு அதிகமோ, வாக்ஸின் 15 வாட் ஏசி15 வகையே போதுமோ என்பது உங்கள் குழப்பம்.

வாட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். 30-க்கும் 15-க்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபெல்தான். பவர் ட்யூப் (ஸ்பீக்கரை இயக்கும் கடைசிக் கட்ட வால்வு) திணறிக் கரகரக்கும் அளவுக்கு வால்யூமைத் திருப்பினால் இரண்டுமே அறைக்கு அதிகம்.

குணம்தான் வேறு. ஏசி15-இல் இஎல்84 என்ற வகை பவர் ட்யூப்கள். மணி அடித்தாற்போல் மினுங்கும். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) கிட்டாருக்கு அது அழகு. ஜேடிஎம்45 ஃபெண்டர் பாஸ்மேன் என்ற ஆம்பின் சர்க்யூட்டிலிருந்து பிறந்தது. தடித்த, உருண்ட மிட்ரேஞ்ச் (நடுத்தர ஸ்தாயி ஒலி). உங்கள் கிட்டாருக்கு நான் இதைத்தான் எடுப்பேன், கூடவே ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தைக் குறைக்கும் ஒரு அட்டெனுவேட்டர்.

ஹம்பக்கரில் கொழகொழவென்று இருந்தால் ஜேடிஎம்45-இன் இரண்டு சேனலையும் சின்ன பேட்ச் கேபிளால் இணைத்து, பிரைட் சேனலை ஏற்றி, நார்மலைக் கொஞ்சமாகக் கலந்து பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே தெளிந்துவிடும்.

அப்புறம், ஸ்பீக்கரோ லோடோ (ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டும் பெட்டி) மாட்டாமல் ட்யூப் ஆம்பை ஆன் செய்யவே வேண்டாம். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.