ஒரு மைக்ரானுக்குக் கீழே: செராமிக் பவுடர் அரைப்பு – கேள்வி பதில்

கேள்வி: சார், பால் மில்லில் (கெட்டியான உருண்டைகளை, அதாவது பால்களைப் போட்டுச் சுழற்றி அரைக்கும் ஜார்) அலுமினா பவுடரை (அலுமினியம் ஆக்சைடு) உலர்வாகவே 48 மணி நேரம் ஓட்டியும் துகள் அளவு 2 மைக்ரானிலேயே (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நிற்கிறது. இன்னும் எவ்வளவு நேரம் ஓட்டுவது?

பதில்: எவ்வளவு ஓட்டினாலும் பெரிதாக இறங்காது. அந்த அளவில் உடைகிற வேகத்துக்கே துகள்கள் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. ஜாரைத் திறந்து பாருங்கள், சுவரிலும் பால்களிலும் பவுடர் கெட்டியாக அப்பியிருக்கும். விழுகிற அடியை அந்தப் படலமே வாங்கிக்கொள்கிறது.

ஈர அரைப்புக்கு மாறுங்கள். 4 லிட்டர் ஜாருக்கு 1 கிலோ அலுமினா, 670 மில்லி டிஸ்டில்டு வாட்டர், 5 மி.மீ. சிர்க்கோனியா (சிர்க்கோனியம் ஆக்சைடு) பால் சுமார் 7 கிலோ. பால்கள் ஜாரில் பாதி வரை நிற்க வேண்டும், கலவை அவற்றை மூடினால் போதும். துகள்கள் ஒட்டாமல் பிரித்து வைக்கும் டிஸ்பெர்சன்ட்டாக அமோனியம் பாலிமெத்தாக்ரிலேட், அலுமினா பவுடரின் எடையில் 0.5%, அதாவது 5 கிராம். வாங்கியது 25% கரைசல் என்றால் 20 கிராம் ஊற்ற வேண்டும், இந்தக் கணக்கில் தவறிவிடாதீர்கள். தண்ணீரில் இதைக் கலக்கிய பிறகே பவுடர்.

கேள்வி: வேகத்தைக் கூட்டினால் சீக்கிரம் அரையுமா அண்ணா?

பதில்: அரையாது. 42.3-ஐ ஜாரின் உள்விட்டத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது உச்ச வேகம், ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று). அதைத் தொட்டால் பால்கள் விழாமல் சுவரோடு ஒட்டியே சுற்றும். 18 செ.மீ. விட்டத்துக்கு உச்சம் 100 ஆர்பிஎம், நீங்கள் 65–70-இல் ஓட்டுங்கள். எண்ண வேண்டியது ஜாரின் சுற்றை, அதைச் சுழற்றும் ரோலரின் சுற்றை அல்ல.

கேள்வி: பத்து மணி நேரத்தில் கலவை இட்லி மாவு மாதிரி இறுகிவிட்டது. தண்ணீர் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். துகள் சிறுக்கச் சிறுக்கப் பரப்பு கூடுகிறது, போட்ட டிஸ்பெர்சன்ட் போதவில்லை. இன்னும் 0.1% சேர்த்து 15 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். இளகினால் சரி. அளவு மீறினால் அதுவே திரும்ப இறுக்கும். தண்ணீர் ஊற்றி நீர்த்துப்போனால் பாலோடு பால் மோதித் தேய்மானம்தான் கூடும்.

கேள்வி: பால் தேய்மானம் எவ்வளவு கலக்கும்? கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் பால்களைக் கழுவி, உலர்த்தி, எடை போடுங்கள். 7 கிலோவில் 0.1% தேய்ந்தாலே 7 கிராம். உங்கள் 1 கிலோ பவுடரில் அது 0.7% சிர்க்கோனியா. ஒளி ஊடுருவும் அலுமினா செய்பவர்களுக்கு இது ஒத்துவராது, உயர்தூய்மை அலுமினா பாலே போடுங்கள்.

கேள்வி: எல்லாப் பவுடருக்கும் தண்ணீர் சரிதானா?

பதில்: இல்லை. அலுமினியம் நைட்ரைடு தண்ணீரில் சிதைந்து அமோனியா வாடை அடிக்கும். மெக்னீசியா ஹைட்ராக்சைடாக மாறும். பேரியம் டைட்டனேட்டிலிருந்து பேரியம் கரைந்து வெளியேறி விகிதம் கெடும். இவற்றுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பிளானட்டரி மில் (ஜார் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே வட்டப் பாதையிலும் சுழலும் வேகமான மில்) என்றால் ஜார் நன்றாக ஆறிய பிறகே திறக்கவும். உள்ளே ஆவி அழுத்தம் இருக்கும், தீப்பற்றும்.

கேள்வி: ஈரத்தில் 0.5 மைக்ரான் காட்டியது, உலர்த்தி அளந்தால் 8 மைக்ரான். அரைத்தது வீணா?

பதில்: இல்லை, ட்ரேயில் அசையாமல் உலர்ந்ததில் துகள்கள் கட்டி சேர்ந்துவிட்டன. கடைசியில் எத்தனாலில் கழுவி, கிளறிக்கொண்டே உலர்த்தி, சல்லடையில் தேயுங்கள். சந்தேகம் இருந்தால் பரப்பளவு சோதனை செய்யுங்கள். அலுமினாவுக்கு ஒரு கிராமுக்கு 10 சதுர மீட்டர் என்று வந்தால், உண்மையான துகள் சராசரியாக 0.15 மைக்ரான் பக்கம்தான்; துகள் அளவு காட்டும் லேசர் கருவி கட்டியைத்தான் அளந்திருக்கிறது.